பத்துக்கு நாலு

“அவுட் ஆஃப் டென் எத்தனை, டாக்டர்?”

குளோரியா இப்படிக் கேட்டதும் டாக்டர்களுக்கு எங்கிருந்தோ அவசரம் வந்துவிடும். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இன்னொருவர் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். குளோரியா அசையமாட்டார். ஐ.சி.யூ. கதவுக்கும் லிஃப்டுக்கும் நடுவே இருக்கிற குறுகலான இடத்தில், சரியாக அவர்கள் போகிற வழியில் நின்றுகொண்டு, பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி காத்திருப்பார். எண் சொன்னால்தான் வழி கிடைக்கும்.

“வைத்தியம் என்ன குதிரைப் பந்தயமா?” என்று பெரிய டாக்டர் ஒருவர் ஒருமுறை இங்கிலீஷில் சத்தம் போட்டார்.

“இல்ல ஸார். ஆனா வெளிய உக்காந்திருக்கிறவங்க எல்லாத்தையும் கட்டிட்டு உக்காந்திருக்காங்களே” என்றார் குளோரியா. பெரிய டாக்டர் “ஆறு” என்று முனகிவிட்டுப் போனார்.

சந்தாபுராவில் ஓசூர் சாலையை ஒட்டி நிற்கிற ஆறு மாடி ஆஸ்பத்திரி அது. குளோரியாவின் கழுத்து அட்டையில் ‘பேஷன்ட் ரிலேஷன்ஸ்’ என்று போட்டிருக்கிறது. என்ன வேலை என்று யாராவது கேட்டால், “இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் அழுகை. நடுவுல நான்” என்பார். உள்ளே டாக்டர்கள் பேசுவது இங்கிலீஷ். வெளியே காத்திருப்பவர்கள் ஹெப்பகோடி, பொம்மசந்திரா தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தமிழர்கள், ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர்கள். தினமும் பதினொரு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, ஒரு நோயாளிக்கு ஒன்றரை நிமிஷம் வீதம் நிலவரம் சொல்லிவிட்டுப் போவார். அதைத் தமிழிலோ கன்னடத்திலோ எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். காசு கணக்கெல்லாம் கீழ்த்தளத்து ஆட்கள் பாடு. உயிர் கணக்குதான் இவர் பாடு.

ஐம்பத்து மூன்று வயது. இரண்டு முழங்காலிலும் எலாஸ்டிக் பட்டை. லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும், மீதியை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன் என்பார். இங்கிலீஷைப் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட, காக்ஸ் டவுனில் ஆங்கிலோ இந்திய அம்மாள் ஒருத்தி வீட்டில் கற்றதுதான் அதிகம். அங்கே அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க, இவர் வராந்தாவில் உட்கார்ந்து அந்த அம்மாளின் திட்டுகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாராம். ஆகையால் இங்கிலீஷில் யார் எதை எப்படி இழுத்துப் பேசினாலும் இவருக்குப் புரியும். அதுவே வினையாகவும் போயிற்று.

வீட்டுக்குப் போனால் குளோரியாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கணவர் மைக்கேல்ராஜ், ஆட்டோ ஓட்டி ஓய்ந்தவர், டிவியில் கிரிக்கெட் பார்த்தபடி, “இன்னாடி சொல்றான் அவன்?” என்று கேட்பார். “எனக்கு இங்கிலீஷ் வராது. அவனையே கேளு” என்று பதில் வரும். பாவம், அந்த மனுஷருக்கு முப்பது வருஷமாக ஒரு ஆட்டமும் முழுசாகப் புரிந்ததில்லை.

டாக்டர்கள் வாயில் அதிகம் புழங்குகிற சொல் ஒன்று உண்டு. புல் த்ரூ. உயிர் தப்புவதற்கு இங்கிலீஷில் சொல்லுக்கா பஞ்சம், ஆனாலும் இவர்களுக்கு இந்த ஒன்றின் மேல்தான் ஆசை. “சளி ஜுரத்துக்கெல்லாம் இதைச் சொல்லமாட்டாங்க. ஆளு விளிம்புவரைக்கும் போயிருக்கணும், திரும்பியும் வரணும். அப்பத்தான் புல் த்ரூ” என்று புதிதாக வருகிற நர்ஸ்களுக்குக் குளோரியா பாடம் நடத்துவார். வீணா என்று ஒரு கன்னடத்துப் பெண். அரைகுறைத் தமிழ். வேலைக்குச் சேர்ந்த வாரம், டாக்டர் நல்லபடியாகச் சொன்ன சேதியை எழுத்துக்கு எழுத்து மாற்றி, “இழுத்துக்கிட்டு இருக்காரு, ஹெதரபேடி, பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டாள். அந்தக் குடும்பம் மொத்தமும் தரையில் விழுந்து அழுதது. ஒப்பாரி ஓயக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஆனால் குளோரியாவின் தொல்லை வேறு. ஒரே சொல்லை டாக்டர்கள் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று அவர் பார்த்து வைத்திருக்கிறார். “ஹி வில் புல் த்ரூ” என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் குடும்பத்தைச் சாப்பிட அனுப்பலாம். “ஹி ஷுட்” என்று தொடங்கினால் டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். “லெட் அஸ் ஹோப்” என்று தொடங்கினால் அவர் கால் ஏற்கெனவே லிஃப்ட் பக்கம் திரும்பியிருக்கும். அப்போது குளோரியா உறவுக்காரர்களிடம், “ஊர்ல யாருக்காச்சும் சொல்லணும்னா சொல்லிடுங்க” என்று மட்டும் சொல்வார். நடுவில் ஒன்று இருக்கிறது. ஃபைலைப் பார்த்தபடி, “ஹி மே புல் த்ரூ.” அதில்தான் மனுஷர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ‘மே’க்குள் ஒன்றும் இருக்கும், ஒன்பதும் இருக்கும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ‘மே’யைக் குளோரியா விழுங்கிவிட்டார். திருப்பத்தூர் பக்கத்து ஆள், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். அவருடைய தங்கை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் குளோரியாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. “ஒண்ணும் ஆகாதும்மா. பொழச்சுக்குவாரு.” நோயாளி இருக்கிற இடத்தில் நல்ல வார்த்தைதான் சொல்ல வேண்டும் என்று வளர்ந்த நாக்கு, வேறென்ன செய்யும்? மூச்சு இருக்கும்போதே ஊருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று இருந்தவர்கள், இவர் பேச்சைக் கேட்டு அதை விட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் ஆள் போய்விட்டார். வெளியே உயிர் போனால் உடலை வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள் அவர்கள் ஊரில். பெற்றவள் உள்ளே இருக்க, பிள்ளையைத் தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தினார்கள்.

அந்தத் தங்கை ஒரு வாரம் கழித்துச் சான்றிதழ் வாங்க வந்தாள். திட்டவில்லை. “நீங்க சொன்னீங்களேன்னுதான்க்கா இட்டுனு போவாம இருந்தோம்” என்றாள். திட்டியிருந்தால் குளோரியா அன்றைக்கே மறந்திருப்பார். அதற்குப் பிறகுதான் இந்தப் பத்துக்கு எத்தனை என்கிற வழக்கம். டாக்டர் சொல்கிற எண்ணை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பது. கூட்டுவதில்லை, குறைப்பதில்லை, தன் நெஞ்சில் இருப்பதைக் கலப்பதில்லை. சிலர், “கல்நெஞ்சுக்காரி” என்று காதுபடவே சொன்னதுண்டு. “இருந்துட்டுப் போறேன்” என்பார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. ஆறாம் நம்பர் படுக்கையில் சண்முகம், நாற்பத்து மூன்று வயது, ஹெப்பகோடியில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். நெஞ்சில் சளி கட்டி, அது ரத்தத்தில் கலந்து, ஒன்பது நாளாக மிஷின்தான் அவருக்காக மூச்சு விடுகிறது. மனைவி இளவேனில் பொம்மசந்திராவில் தையல் கம்பெனியில் வேலை செய்கிறவள். ஒன்பது நாளாக மூன்றாம் மாடி நாற்காலியில்தான் இருக்கிறாள். அன்றைக்குக் காலையில் சண்முகத்தின் அண்ணன் திம்மராயன் ஊத்தங்கரையிலிருந்து வந்து இறங்கினார், சும்மா வரவில்லை, ஆம்புலன்ஸோடு வந்தார்.

“ரெண்டர மணி நேரந்தாம்மா” என்று குளோரியாவிடம் சொன்னார். “வண்டியில ஒரு ஆளு பலூன அமுக்கிக்கினே வருவாராம். ஊடு போற வரைக்கும் மூச்சு நிக்காதாம். எங்கம்மா நடு ஊட்ல பாய் போட்டு வெச்சுக்கினு ஒக்காந்துனு இருக்குது. பெத்தவ கண்ணால பாக்கட்டும்.” கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போதே தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பகல் ஒரு மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும், வண்டிக்காரர் அவசரப்படுகிறார் என்றார்.

இளவேனில் குளோரியா பக்கம் திரும்பினாள். “டாக்டர் இன்னைக்கு இன்னாக்கா சொல்றாருன்னு கேட்டு வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் பேசிக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

பதினொன்றே காலுக்கு டாக்டர் ஆஷ்லி வெளியே வந்தார். மங்களூர்க்காரர், சின்ன வயசு, தமிழில் ‘வணக்கம்’ தவிர எதுவும் தெரியாது. இரண்டு நாளாக வீட்டுக்குப் போகாதவர் என்று சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. ஃபைலைப் பார்த்தபடி, “ஹி மே புல் த்ரூ, குளோரியா” என்றார்.

“அவுட் ஆஃப் டென்?”

“ஆரம்பிக்காதீங்க” என்றார் இங்கிலீஷில்.

“ஆம்புலன்ஸ் கீழ நிக்குது டாக்டர். கூட்டிட்டுப் போகப் போறாங்க.”

டாக்டர் நிமிர்ந்தார். ஃபைலை மூடினார். கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “அஞ்சு” என்றார். பிறகு, “இல்ல. நாலு. நாலுன்னே சொல்லுங்க. இங்கேர்ந்து எடுத்துட்டுப் போனா பூஜ்யம். அதையும் சேர்த்துச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஐ.சி.யூ. கதவிலிருந்து அந்த நாற்காலி வரிசைக்கு இருபது எட்டுக்கு மேல் இராது. அந்த இருபது எட்டில் குளோரியாவின் மனம் எத்தனை தடவை ஐந்துக்கும் நாலுக்கும் நடுவே போய்வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். ஐந்து என்று சொன்னாலும் பொய் இல்லை, டாக்டர் வாயிலிருந்து வந்ததுதான். ஆனால் கடைசியாகச் சொன்னது நாலு. அவர் நாலு என்றே சொன்னார். எடுத்துப்போனால் பூஜ்யம் என்பதையும் சொன்னார்.

திம்மராயன் விரலை மடக்கிப் பார்த்தார். “நாலுன்னா, ஆறு பங்கு போறதுக்குத்தானேம்மா?”

“ஆமாங்க” என்றார் குளோரியா.

“பாத்தியாம்மா” என்று திம்மராயன் தம்பி மனைவி பக்கம் திரும்பினார். “பத்துல ஆறு. நாளைக்கு இங்கியே எதுனா ஆயிட்டா, அவன தெருவுல போடணும். எங்கம்மாவ நெனச்சுப் பாரு. அது ஊட்டுக்குள்ள ஒக்காந்துனு இருக்க, புள்ள வெளிய கெடக்கறதா?”

இளவேனில் குளோரியாவைப் பார்த்தாள். “நீங்களா இருந்தா இன்னாக்கா பண்ணுவீங்க?”

இந்தக் கேள்வி வாரத்துக்கு நாலு தடவையாவது வரும். பதிலும் தயாராக இருக்கும். “நான் நீ இல்லம்மா” என்றார் குளோரியா. சொன்ன பிறகு, இது இவ்வளவு வறட்டுப் பதிலா என்று அவருக்கே கசந்தது. என்ன பிழைப்பு இது, கேட்கிறவளுக்கு ஒரு வாய் வார்த்தைகூடக் கொடுக்க முடியாமல் என்று நினைத்தார்.

இளவேனில் கோபப்படவில்லை. “நேத்து எத்தினின்னு சொன்னாங்கக்கா?” என்றாள்.

“மூணு.”

“அதுக்கு முந்தின நாளு?”

“அன்னிக்கி டாக்டர் நிக்கலம்மா. கேக்க முடியல.”

“நேத்து மூணு, இன்னிக்கி நாலு” என்றாள் இளவேனில். குரலில் ஒன்பது நாளாக இல்லாத ஏதோ ஒன்று வந்திருந்தது. “ஏறுதே மாமா. எறங்கலியே.”

குளோரியா வாயைத் திறந்தார். நேற்று மூன்று என்றது டாக்டர் ஆஷ்லி இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் வருகிற வேறொரு டாக்டர். அவர் எண் கொடுப்பதில் கஞ்சர். மறுநாள் வீட்டுக்கு நடந்து போகிறவனுக்கும் ஆறுக்கு மேல் கொடுக்கமாட்டார். அந்த மூன்றும் இந்த நாலும் ஒரே தராசில் நிறுத்தவை இல்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, எதுவும் தெரியாது என்பதுதான் நிஜம். இதைச் சொல்லியாக வேண்டும். ஏழு வருஷமாக அவர் காப்பாற்றி வந்த முறை அதுதான்.

“இன்னாம்மா, ஏதோ சொல்ல வந்தீங்க” என்றார் திம்மராயன்.

இளவேனில் நிமிர்ந்து பார்த்தாள். அந்த மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே இருந்த ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிற பார்வை.

“ஒண்ணுமில்லீங்க” என்றார் குளோரியா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்செல்லாம் இளவேனில் பேச்சு. “மாமா, நீங்க நெலத்துல கல்லக்கா போடறீங்க. பத்து வெத போட்டா நாலு மொளைக்குதுன்னா நெலத்த உட்டுட்டு வந்துடறீங்களா? தண்ணி பாய்ச்சிக்கினுதானே இருக்கீங்க. எடுத்தா ஒண்ணுமே இல்லன்னுட்டாரு. இங்க இருந்தா நாலாச்சும் இருக்குது.”

“அம்மா கேட்டா இன்னான்னு சொல்றது?”

“நான் சொல்லிக்கறேன். எம் பேச்ச கேட்டுத்தான் உட்டுட்டு வந்தேன்னு சொல்லுங்க. எது ஆனாலும் அத்த என்ன ஏசட்டும். நான் தாங்கிக்கறேன் மாமா.”

திம்மராயன் ஐ.சி.யூ. கதவைப் பார்த்தார். பிறகு குளோரியாவிடம், “நாலுன்னு டாக்டரு வாயால சொன்னாருங்களா?” என்று கேட்டார். “அவரு வாயால சொன்னாருங்க” என்றார் குளோரியா. அதுவும் நிஜம்தான். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியைத் திருப்பி அனுப்பப் படியிறங்கிப் போனார். லிஃப்ட் இருப்பதே அவருக்கு நினைவில்லை.

உறவினருக்கு விளக்கிச் சொன்னதற்கு ஒரு தாள் உண்டு. அதில் இளவேனில் கையெழுத்துப் போட்டாள். கீழே, ‘அவர்கள் மொழியில் முழுமையாக எடுத்துச் சொன்னவர்’ என்ற இடத்தில் குளோரியா போட வேண்டும். பேனாவை எடுத்தார். முழுமையாக என்ற இடத்தில் கண் நின்றது. பிறகு போட்டார். வழக்கமாகப் பெரிதாகச் சுழித்துப் போடுகிற கையெழுத்து, அன்றைக்கு ஓரத்தில் சின்னதாக விழுந்தது.

மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். நேரே ஐ.சி.யூ.வுக்குள் போனார். ஆறாம் நம்பர் படுக்கைப் பக்கம் யாரும் இல்லை. மிஷின் தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது நாளாக இந்த ஆளைப் பற்றி வெளியே போய்ப் பேசியிருக்கிறாரே தவிர, முகத்தை இன்றைக்குத்தான் பக்கத்தில் பார்க்கிறார். தாடி வளர்ந்திருந்தது. வாயில் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஒரு பக்கம் மீசையோடு சேர்ந்து மடிந்திருந்தது. வலது கை ஆள்காட்டி விரலில் பிரஸ் மிஷின் கடித்த பழைய தழும்பு.

குளோரியா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

“சண்முகம். உன் பொண்டாட்டிகிட்ட நாலுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்பா. சொல்ல வேண்டிய இன்னொண்ணைச் சொல்லாம வந்துட்டேன். அந்த நாலு பேருல நீ இருக்கணும், கேட்டுதா?”

சொல்லிவிட்டு நிமிரவில்லை. பதில் வரட்டும் என்று, காதைத் திருப்பி அந்தக் குழாய் வாயருகே வைத்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றார்.